எழுபத்தெட்டுச் சீட்டுகளுக்கு ஒரு பெட்டி

முன்வரிசையில் தச்சு பழகும் இளைஞர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பதால், நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

இத்தாலியில் மிலான் நகரை ஆண்ட விஸ்கோன்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காக 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கையால் தீட்டிய டாரட் சீட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. தங்க இலை ஒட்டி, அதில் நுணுக்கமாகப் புள்ளி குத்தி, வண்ணம் ஏற்றிய சீட்டுகள். ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். முழுக்கட்டு என்றால் 78 சீட்டு இருக்க வேண்டும். இன்று இருப்பவை 74. அவற்றில் 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கின்றன. 26 பெர்கமோ நகரின் கர்ராரா அகாதெமியில். 13 கொல்லியோனி குடும்பத்தாரிடம். சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன் ஆகிய நான்கும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியவற்றிலும் மேல்விளிம்பில் ஆணி குத்திய துளை இருக்கிறது.

இன்னொரு கட்டு, மிலான் நகரின் பிரேரா ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சோலா, பூஸ்கா என்று அதை வைத்திருந்த இரண்டு குடும்பங்களின் பெயராலேயே அது வழங்குகிறது. இது 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, மேலே கையால் வண்ணம் கொடுத்தது. 2009-இல் இத்தாலிய அரசு அதை வாங்கியபோது 78 சீட்டும் இருந்தன. ஐந்நூறு ஆண்டு கழித்தும் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரு புத்தகத்தில் நான்கு பக்கம் கிழிந்து போனாலும் மற்ற பக்கங்களைப் படிக்கலாம். சீட்டுக்கட்டு அப்படியல்ல. ஒரு சீட்டு தொலைந்தாலும் ஆட்டம் ஆட முடியாது, குறியும் பார்க்க முடியாது. மீதி எழுபத்தேழும் வெறும் படங்களாகிவிடுகின்றன. ஆகவே டாரட் பெட்டி செய்கிறவர் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு, எழுபத்தெட்டை எழுபத்தெட்டாகவே வைத்திருப்பது. மரத்தின் அழகு, மூடியின் சித்திரம், பித்தளைக் கீல் எல்லாம் அந்தப் பொறுப்புக்குப் பின்னால்தான். இன்று பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மூடியில் லேசரில் ஒரு நிலவைச் சுட்டு, வாங்குகிறவர் பெயரைப் பொறித்துவிட்டால் அது 'கஸ்டமைஸ்டு' பெட்டி என்று விற்பனையாகிறது. உள்ளே வைத்த சீட்டு குலுங்குகிறது. எடுக்கப் போனால் விரல் நுழைவதில்லை. ஓராண்டில் ஓரம் மஞ்சளாகிறது. தனக்கென்று செய்து வாங்கியவருக்குக் கிடைக்கிற பெட்டியா இது?

டாரட் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1440-களின் இத்தாலிய ஆவணங்களில் இந்தச் சீட்டுகள் முதலில் தலைகாட்டும்போது அவை விளையாட்டுச் சீட்டுகளே. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் இதை வைத்து ஆட்டம் ஆடுகிறார்கள். குறி பார்க்கும் வழக்கம் பரவியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். இவை பழைய எகிப்தின் ஞானநூல் என்று 1781-இல் அந்த்வான் கூர் த ஜெபலின் எழுதினார். அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் அந்த எண்ணம் வேர் பிடித்துவிட்டது. இன்று உலகம் முழுக்கப் புழங்குவது 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டு. அதன் வழிவந்த பதிப்புகள் நம் ஊரிலும் கிடைக்கின்றன. சீட்டு நாளை நடப்பதைச் சொல்லுமா என்பது இன்றைய பேச்சல்ல. எனக்குக் குறி பார்க்கவும் தெரியாது. ஆனால் ஒருவர் பல வருஷமாகத் தினமும் கையில் எடுத்துக் கலைக்கிற பொருள் எப்படித் தேயும், எதனால் கெடும் என்று எனக்குத் தெரியும். பேசப்போவது அதைப் பற்றித்தான்.

கடையில் வாங்கும் கட்டு ஒரு மெல்லிய அட்டைப்பெட்டியில் வருகிறது. கடையிலிருந்து வீடு வரைக்கும் கொண்டு போகத்தான் அந்தப் பெட்டி. தினமும் திறந்து மூடினால் சில மாதத்தில் மடிப்பு கிழியும், மூலை பிளக்கும். பிறகு ரப்பர் பேண்ட் வரும். சீட்டுக்கு ரப்பர் பேண்டைவிடப் பெரிய எதிரி இல்லை. இறுக்குகிற இடத்தில் மேல்சீட்டும் அடிச்சீட்டும் பள்ளமாகும். நம் வெயிலில் ரப்பர் இளகி, ஒட்டி, பழுப்புக் கறையை விட்டுப் போகும். அந்தக் கறையைத் துடைத்து எடுக்க முடியாது. பட்டுத்துணியில் சுற்றி வைப்பவர்களும் உண்டு. குறி பார்ப்பவர்களிடையே அது ஒரு வழக்கம். சீட்டுக்கு அது நல்லதுதான், ஆனால் பையில் போட்டு எடுத்துப் போகும்போது மூலை மடங்குவதைத் துணி தடுக்காது.

பெட்டியை உள்ளேயிருந்து வெளியே செய்ய வேண்டும். நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்த ஒன்றுதான். பலகையை எடுத்து அறுத்து, கிடைத்த அளவில் பெட்டியைக் கூட்டி, அதற்குள் சீட்டை வைப்பது ஒரு முறை. சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, அதைச் சுற்றி ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பெட்டியை எழுப்புவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் வேலை செய்தால்தான் 'உங்களுக்காகச் செய்தது' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஓர் அளவை முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். பரவலாகக் கிடைக்கும் கட்டில் ஒரு சீட்டு 70 மில்லிமீட்டர் அகலம், 120 மில்லிமீட்டர் உயரம். ஒரு சீட்டின் தடிமன் 0.3 மில்லிமீட்டர் என்றால் 78 சீட்டுக்கு 23.4 வரும். ஆனால் அந்தக் கணக்கை நம்பி அறுக்கக் கூடாது. கலைத்துக் கலைத்துப் பழகிய கட்டில் ஒவ்வொரு சீட்டும் லேசாக வளைந்திருக்கும், இடையில் காற்று புகுந்திருக்கும். புதிதாக இருந்தபோது 24 இருந்த கட்டு 27, 28-க்குப் போய்விடும். அதனால் வாடிக்கையாளரிடம் கட்டின் பெயரைக் கேட்டுக்கொண்டு இணையத்தில் அளவு தேடாதீர்கள். அவர் கையில் இருக்கிற கட்டையே கொண்டு வரச் சொல்லுங்கள். மட்டமான மேசையில் வைத்து, மேலே ஒரு சிறு பலகையை மட்டும் போட்டு, அழுத்தாமல், வெர்னியர் காலிப்பரால் நான்கு மூலையிலும் அளந்து, அதிகமாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கணக்குக்கு உயரம் 27 என்று வைப்போம். உள்ளே துணி ஒட்டிய அட்டை போடுகிறோம். அது பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். சீட்டுக்கும் அந்த அட்டைக்கும் இடையே பக்கத்துக்கு இன்னொரு ஒன்றரை. ஆக, மரத்தின் உள்ளளவு அகலத்தில் 76, நீளத்தில் 126. அடியில் துணியட்டைக்கு 2, மேலே மூடிக்கும் சீட்டுக்கும் இடையே 4 என்று சேர்த்தால் உள்ளுயரம் 33. பக்கப் பலகை 8 மில்லிமீட்டர் என்றால் வெளியளவு 92-க்கு 142. கையில் எடுத்தால் அடக்கமாக இருக்கும், பைக்குள் போகும். சீட்டைச் சுற்றி விட்ட ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை 5 மில்லிமீட்டர் ஆக்கினால் நடக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் வரும், மூலைகள் உரசித் தேயும். அரை மில்லிமீட்டருக்குக் குறைத்தால் மழைக்காலத்தில் சீட்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

அளவு சரியாக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். இவ்வளவு ஒட்டி உட்காரும் கட்டை விரலால் எப்படி எடுப்பது? இரண்டு நீளப் பக்கங்களிலும் நடுவில் அரைவட்டமாக ஒரு வெட்டுக் கொடுத்தால் கட்டைவிரலும் நடுவிரலும் கட்டைப் பிடித்துவிடும். வெட்டின் அகலம் வாடிக்கையாளருடைய விரலுக்கு ஏற்ப. பெரியவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் என்றால் வெட்டைப் பெரிதாக்கி, அடியில் ஒரு நாடாவும் போட்டுவிடுவேன். நாடாவை இழுத்தால் கட்டு தானே மேலே வரும். கட்டை எந்தக் கையால் எடுப்பீர்கள், எடுத்த பிறகு பெட்டியை எங்கே வைப்பீர்கள், துணியும் சேர்த்து வைக்க வேண்டுமா, அலமாரியில் நிற்க வைப்பீர்களா படுக்க வைப்பீர்களா என்று கேளுங்கள். என்ன படம் செதுக்கட்டும் என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

இனி மரம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தவறான மரம் சீட்டை மெல்ல மெல்லக் கொல்லும்.

மரம் அறுத்துக் காய்ந்த பிறகும் அதிலிருந்து ஆவி கசிந்துகொண்டிருக்கிறது. அருங்காட்சியகங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. ஐரோப்பாவில் ஓக் மர அலமாரிகளில் வைத்த ஈயப் பொருள்கள் வெள்ளைப் பொடியாக அரித்துப் போயின; சிப்பிகள், கிளிஞ்சல்கள் பூத்துப் போயின. ஓக் விடுகிற அசிட்டிக் அமிலம்தான் காரணம். அருங்காட்சியகக் காட்சிப் பெட்டிக்கு ஒரு பொருளைப் பயன்படுத்தலாமா என்று பார்க்க 1973-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனையை உருவாக்கினார். அந்தப் பொருளையும் வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் ஈரத்தோடு ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்து, உலோகம் மங்குகிறதா என்று பார்ப்பார்கள். உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் இன்றும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. காகிதமும் அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்காது, மஞ்சளாகும், முறியும். எம்.டி.எஃப் பலகையும் மலிவான பிளைவுட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடை விடுகின்றன. நாள்பட வைக்கிற பெட்டிக்கு அவை வேண்டாம்.

என் பட்டறையில் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். புது மரம் வந்தால் ஒரு கைப்பிடி சீவலையும் ஈரப் பஞ்சையும், அச்சில்லாத வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றையும் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் அடைத்து, ஜன்னலோரம் ஒரு மாதம் வைப்பேன். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் எந்த மரம் நிறம் விடும், எது எண்ணெய் கக்கும் என்று கண்ணால் பார்க்கலாம். வேங்கையை இப்படிப் பார்த்தால் புரியும். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் இறங்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த நிறம் காகிதத்திலும் ஏறும். பலாவிலும் மஞ்சள் சாயம் உண்டு. துறவிகளின் துவராடைக்குச் சாயம் காய்ச்சிய மரம் அது. வீணைக்குப் பலாவை மிஞ்ச மரமில்லை. சீட்டுப் பெட்டிக்கு, உள்ளே நல்ல மறைப்பு இல்லாமல் அதைக் கொடுக்க மாட்டேன்.

தேக்கு நிலையான மரம், அதிகம் முறுக்காது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது. ஒட்டுகிற முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்த உடனே பசை போட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு ஒரு நாள் கையோடு வந்துவிடும். ஈட்டி மரத்தின் அழகைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் 2017 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெட்டி என்றால் காகித வேலை என்ன என்று முதலில் விசாரித்துவிட்டு மரத்தைத் தொடுங்கள்.

எனக்குப் பிடித்தது குமிழ். வெளிறிய நிறம், எடை குறைவு, உளிக்கு இதமாக விடும், காய்ந்த பிறகு அடங்கி இருக்கும். விலையும் தேக்கைவிடக் குறைவு. 'குமிழா?' என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அப்போது ஜப்பானைப் பற்றிச் சொல்வேன். தேநீர்க் கிண்ணங்கள், ஓவியச் சுருள்கள், கிமோனோ ஆடைகள் என்று விலைமதிப்பில்லாதவற்றை அங்கே கிரி என்ற மரத்தால் செய்த பெட்டிகளில்தான் வைக்கிறார்கள். அது நம் குமிழைவிடவும் இலேசான, வெளிறிய, ஆடம்பரம் சிறிதும் இல்லாத மரம். உள்ளே இருக்கிற பொருளுக்கு எது நல்லது என்று பார்த்துத் தேர்ந்தார்கள். கிண்ணம் செய்தவர் பெட்டி மூடியில் தன் பெயரையும் கிண்ணத்தின் பெயரையும் மையால் எழுதிக் கொடுப்பார். அந்தப் பெட்டி இல்லாத கிண்ணத்துக்கு மதிப்பு குறைவு. இந்த வழக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

எந்த மரமானாலும் வெளிப்புற வெள்ளையை விட்டுவிட்டு உள் வைரத்தை மட்டும் எடுங்கள். வெள்ளையில் மாவு இருக்கும், வண்டு அதைத் தேடி வரும்.

மரம் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். நீளவாக்கில் அந்த அசைவு இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில் உண்டு. வட்ட ரேகை ஓடுகிற திசையில் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் திசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சென்னைக் கடற்காற்றில், காற்றின் ஈரப்பதம் 70, 75 சதவீதம் இருக்கும்போது மரத்துக்குள் 13, 14 சதவீத ஈரம் நிற்கும். அதே பெட்டி டொரொன்டோவில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் போகிறது என்று வையுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 30-க்கு இறங்கிவிடும். மரத்தின் ஈரமும் 6 சதவீதத்துக்கு வந்துவிடும். 80 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்கு அடிப்பலகை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். நான்கு பக்கமும் பசை போட்டு அந்தப் பலகையை இறுக்கி வைத்திருந்தால் அது நடுவில் வெடிக்கும். வெடிக்காவிட்டால் மூட்டைக் கழற்றும்.

ஆகையால் அடிப்பலகையும் மூடிப்பலகையும் காடிக்குள் பசை இல்லாமல் மிதக்க வேண்டும். நான்கு பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் 3 மில்லிமீட்டர் காடி எடுத்து, பலகையின் விளிம்பை அதற்குள் சொருகி, நடுவில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. மழைக்காலத்தில் செய்கிறீர்களா, பலகை அப்போதே விரிந்துதான் இருக்கும். காடியில் நிறைய இடம் விட வேண்டாம். கோடையில் உள்ளூர் வறட்சியில் செய்தால் விரிவதற்கு இடம் விடுங்கள். கூட்டுவதற்கு முன்னாலேயே பலகைக்கு விளிம்பு வரை பாலிஷ் போட்டுவிடுங்கள். கூட்டிய பிறகு போட்டால், டொரொன்டோவில் பலகை சுருங்கும்போது காடிக்குள் மறைந்திருந்த பாலிஷ் இல்லாத வெள்ளைக் கோடு வெளியே எட்டிப் பார்க்கும். பெட்டி வாங்கியவர் அதைக் கீறல் என்று நினைப்பார்.

மூட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. புறாவால் மூட்டு போடத் தெரிந்தவர்கள் போடுங்கள். தெரியாதவர்கள் 45 டிகிரியில் சாய்த்து ஒட்டி, மூலைகளில் மெல்லிய மரச் சீவலைக் குறுக்கே சொருகினாலும் வலுவாக நிற்கும். ஆனால் கீல் வைத்த பெட்டிக்கு மூடியைத் தனியாகச் செய்யாதீர்கள். ஆறு பக்கமும் மூடிய கட்டையாகப் பெட்டியை முழுதாக ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரித்தெடுங்கள். நான்காவது பக்கம் அறுக்கும்போது முதல் மூன்று அறுப்பு வாய்களிலும் வாள் பருமனுக்கு மரச்சில்லு செருகி நாடாவால் கட்டிக்கொண்டால் மூடி சரிந்து வாளைப் பிடிக்காது. இப்படிச் செய்தால் மூடியிலும் பெட்டியிலும் ரேகை விட்ட இடத்திலிருந்து தொடரும். வாள் தின்கிற 3 மில்லிமீட்டரை உயரத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். பித்தளைத் திருகாணியை நேராக முறுக்கினால் தலை முறியும். முதலில் அதே அளவு எஃகுத் திருகாணியைப் போட்டுத் துளைக்கு வழி பண்ணிவிட்டு, அதை எடுத்துப் பித்தளையைப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், சீட்டுப் பெட்டிக்குக் கீலைவிட இழுப்பு மூடியே சிறந்தது. இதில் நம் நாட்டிடம் நீண்ட அனுபவம் இருக்கிறது. கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1527-இல் பாபர் சிந்து நாட்டிலிருந்த ஒருவருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மைசூர், சாவந்தவாடி, ஒடிசா, வங்காளத்தின் பிஷ்ணுபூர் என்று பல இடங்களில் இந்தச் சீட்டுக் கலை வளர்ந்தது. பத்து அவதாரங்களுக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு உள்ள தசாவதாரக் கட்டு உண்டு. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதிய ஆட்டங்களையே வகுத்தார். அவற்றில் முந்நூறுக்கும் மேற்பட்ட சீட்டு வேண்டியவையும் இருந்தன. இந்தக் கட்டுகள் அருங்காட்சியகங்களில் கிடைக்கும்போது பல நேரம் அவற்றின் மரப்பெட்டியோடேயே கிடைக்கின்றன. சீட்டைத் தீட்டிய அதே பாணியில் பெட்டியின் பக்கங்களிலும் தெய்வங்கள், யானைகள், பூக்கொடிகள். மேலே காடியில் இழுத்துத் திறக்கும் மூடி. கீல் இல்லை, கொண்டி இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமே இல்லை. துணியைப் பசையால் அடுக்கி ஒட்டி, அரக்குப் பூசிய கனமான சீட்டுகளை, நூறு நூற்றிருபது என்று, அந்த எளிய பெட்டிகள் சிந்தாமல் காத்திருக்கின்றன.

இழுப்பு மூடி செய்வது எளிதுபோலத் தெரியும். மூடியின் ஓரத்தைச் சாய்வாக இழைத்து, காடியும் அதே சாய்வில் இருக்க வேண்டும். மூடியின் ரேகை இழுக்கும் திசையிலேயே ஓடினால் அகலம் ஈரத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே பக்கத்துக்கு அரை மில்லிமீட்டராவது தளர்வு விடுங்கள். காடிக்கு எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துப் பிசினாகும். தேன்மெழுகை ஒருமுறை தேய்த்து, துணியால் வழித்துவிட்டால் ஒற்றை விரலுக்கு நகரும். தானாக நழுவித் திறக்காமலிருக்க, மூடியின் அடியில் கடைசி முனையில் ஒரு மயிரிழை மேடு விட்டு, பெட்டி விளிம்பில் அதற்கு ஈடான பள்ளம் கொடுங்கள். மூடும்போது 'டக்' என்று உட்காரும்.

உட்புறத்துக்கு வருவோம். கறுப்பு வெல்வெட் என்றால் எல்லாருக்கும் ஆசை. ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு ஏறினால் அந்த வெல்வெட் சீட்டின் வெள்ளை ஓரத்திலும் ஏறும். கம்பளியில் பூச்சி முட்டையிடும். துவைத்துச் சாயம் போன பருத்தியோ பட்டோ போதும். துணியை மரத்தின்மேல் நேராக ஒட்டாமல், மெல்லிய அட்டையில் மடித்து ஒட்டி, அந்த அட்டையைப் பெட்டிக்குள் அழுத்தி உட்கார வைத்தால், பத்து வருஷம் கழித்து அழுக்கானபோது பிடுங்கி மாற்றலாம். ரப்பர் பசை மஞ்சளாகி இளகும், அதைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். பூச்சிக்கு அந்துருண்டை போட வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை, கற்பூரம் பொடித்துச் சிறு துணி முடிப்பாக வைத்தார்கள். கேட்பவர்களுக்கு நானும் அப்படியொரு முடிப்புக்கு மூடியின் ஓரத்தில் தனிக் குழி வைத்துக் கொடுக்கிறேன், சீட்டில் படாதபடி.

உட்பக்க மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசாதீர்கள். மூடிய பெட்டிக்குள் அது காயவே மாதக்கணக்கில் ஆகும். எண்ணெய் வாடை சீட்டில் ஏறிவிட்டால் போகாது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய இரண்டு பூச்சு போதும். சீக்கிரம் காய்ந்துவிடும், வாடை நிற்காது, மரத்திலிருந்து வருகிற ஆவியையும் ஓரளவு மறிக்கும். வெளிப்புறத்துக்கு உங்கள் விருப்பம்.

கடைசியாக மேலே செதுக்குகிற படம். 1909 கட்டின் படங்கள் அத்தனையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது. பமேலா அந்தப் படங்களைச் சில மாதங்களில் வரைந்து முடித்தார். பெரிய வேலை, காசு கொஞ்சம் என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கட்டு பிறகு லட்சக்கணக்கில் அச்சாகியது. வெளியிட்டவர் பெயராலும் வெயிட்டின் பெயராலும்தான் நெடுங்காலம் அது வழங்கியது. கட்டின் பெயரில் வரைந்தவர் பெயர் இல்லை. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பாம்புபோல நெளிகிற ஒரு சிறு கையெழுத்து மட்டும் இருந்தது. 1951-இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். இப்போதுதான் பலரும் அந்தக் கட்டை அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அவர் படங்களை மூடியில் செதுக்க இந்தியாவில் தடையில்லை. நம் சட்டப்படி ஓவியர் இறந்து அறுபதாண்டு கழிந்தால் காப்புரிமை முடிகிறது. பிரிட்டனிலும் 2022 முதல் அவை பொது. ஆனால் பிற்காலத்தில் வந்த எல்லாக் கட்டுகளுக்கும் இது பொருந்தாது. இன்று உயிரோடு இருக்கிற ஓவியர்கள் வரைந்த கட்டுகள் ஏராளம். அவர்கள் படத்தைக் கேட்காமல் எடுத்து லேசரில் சுட்டு விற்பது திருட்டு. ஒரு கைத்தொழிலாளி இன்னொரு கைத்தொழிலாளிக்கு அதைச் செய்யக் கூடாது. மின்னஞ்சலில் கேளுங்கள், கிடைத்தால் செதுக்குங்கள், கிடைக்காவிட்டால் மரத்தின் ரேகையே போதும் என்று சொல்லி விடுங்கள்.

ஜப்பானியர்களின் வழக்கத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. நான் கொடுக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் மூடியின் உட்புறத்தில் ஒரு சிறிய அமிலமற்ற காகிதம் இருக்கும். முதல் வரியில் கட்டின் பெயர், அடுத்து அதை வரைந்த ஓவியரின் பெயர். அதற்குக் கீழே மரம் என்ன, பசை என்ன, பூச்சு என்ன, செய்த மாதம், வருஷம். என் பெயர் கடைசி வரியில். முப்பது வருஷம் கழித்து மூட்டு விட்டுப் போனால், பழுது பார்க்கிற தச்சருக்கு எதைக் கரைக்கலாம், எதைக் கரைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். கட்டு வேறு கைக்கு மாறினால், படத்தை வரைந்தவர் யாரென்று புதிதாகப் பெற்றவருக்கும் தெரிய வேண்டும். உங்கள் பட்டறையிலும் இதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அளவு எடுக்கிற விதத்தை நேரில் காட்டச் சொல்லி இருவர் கேட்டிருந்தார்கள். காலிப்பரும் இரண்டு கட்டும் கொண்டு வந்திருக்கிறேன். மேசைக்குப் பக்கத்தில் வாருங்கள்.